ஒருமுறை வந்தால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடாதா? இரண்டாம் டெங்கி பற்றி

ஜூன் 9, 2024, இரவு 9.15 (கேள்வி)

அம்மாவுக்கு 64 வயது. மூன்று நாளாகக் காய்ச்சல், 39.4 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. சிங்கப்பூரின் செங்காங்கில் எங்கள் புளோக்குக்குக் கீழே, டெங்கி அதிகம் பரவியிருக்கிறது என்று எச்சரிக்கும் சிவப்புப் பதாகை தொங்கி இரண்டு வாரமாகிறது. இன்று கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கி என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது இரண்டாவது தடவை போலிருக்கிறது, கவனமாக இருங்கள்" என்றார். அம்மாவுக்கு இதற்கு முன் டெங்கி வந்ததே இல்லை. அப்படியே வந்திருந்தாலும், ஒருமுறை வந்தால் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும்தானே? அம்மை ஒருமுறை போட்டால் மறுபடி போடாது என்று அம்மாவே சொல்வார். பிறகு எப்படி இரண்டாவது தடவை மோசமாகும்? எதிர்ப்புச் சக்தி கூட என்ன கொடுக்கலாம்?

ஜூன் 9, இரவு 10.05

நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனையின் ரத்த ஆய்வகத்தில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவள். எனக்கே இரண்டு தடவை டெங்கி வந்திருக்கிறது, 2013-இல் ஒன்று, 2020-இல் ஒன்று. அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்கு பனடோல் (பாராசிட்டமால்) மட்டும், அதுவும் சீட்டில் எழுதிய அளவுதான். ஐபுபுரூஃபன், மூட்டுவலிக்கென்று வாங்கி வைத்திருக்கும் டைக்ளோஃபெனாக், எதுவும் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் உடனே கேளுங்கள். தண்ணீர், இளநீர், பார்லி, ஹண்ட்ரட் பிளஸ் போன்ற உப்புச் சத்து பானம், கஞ்சி, எது உள்ளே இறங்குகிறதோ அதைக் கொடுங்கள். தினமும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஒரு நாளும் விடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. டாக்டர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், அந்தச் சோதனையில் மூன்று கோடுகள் இருக்கும். என்எஸ்1 என்பது வைரஸே வெளியே விடும் புரதம், முதல் நாட்களில் தெரியும். ஐஜிஎம் என்பது கிருமியின் மேல் போய் ஒட்ட உடம்பு புதிதாகச் செய்யும் ஆன்டிபாடி என்ற புரதம், நாலைந்து நாளாகும். ஐஜிஜி என்பது பழைய அனுபவம் உள்ள உடம்பு சட்டென்று எடுத்து வீசும் ஆன்டிபாடி. முதல் தடவையாக இருந்தால் மூன்றாம் நாளில் ஐஜிஜி கோடு தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. அம்மாவுக்கு அது பளிச்சென்று விழுந்திருக்க வேண்டும்.

"வந்ததே இல்லை" என்கிறீர்கள். டெங்கி வந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வந்ததே தெரியாது. சின்ன வயதில் இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான் என்று போயிருக்கும்.

அம்மைக்கும் டெங்கிக்கும் வித்தியாசம் இதுதான். சின்னம்மைக்கு ஒரே வகை. டெங்கிக்கு நான்கு. ஒரு வகை வந்து போனால் அந்த வகை திரும்ப வராது, உடம்பு அதை நன்றாக நினைவு வைத்திருக்கும். மற்ற மூன்று வகைகளுக்கும் அந்த நினைவு அரைகுறையாகத்தான் பொருந்தும். அண்ணனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டால் போல. சட்டை உடம்பில் இருக்கும், ஆனால் எங்கேயும் பிடிக்காது. ஆன்டிபாடி புது வகை வைரஸின் மேல் போய் ஒட்டும். அதைச் செயலிழக்கச் செய்யாது. ஆனால் நம் உடம்பிலுள்ள விழுங்கும் அணுக்களுக்கு ஒரு வழக்கம்: ஆன்டிபாடி ஒட்டிய எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மற்ற கிருமி என்றால் உள்ளே போனதும் கதை முடிந்தது. டெங்கி வைரஸ் வளர்வதே அந்த அணுக்களுக்குள்தான்.

அதனால் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது" என்ற பேச்சை விட்டுவிடுங்கள் தம்பி. அது தொட்டியில் தண்ணீர் மட்டம் மாதிரி ஏற்றி இறக்கும் விஷயம் இல்லை. வந்திருக்கிற கிருமிக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம்.

ஜூன் 10, காலை 6.40

இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். பயமுறுத்திவிட்டேனோ என்று தூக்கம் வரவில்லை. இரண்டாம் டெங்கி என்றாலே ஆபத்து என்று பொருள் இல்லை. இரண்டாவது தடவை வருபவர்களிலும் பெரும்பாலோர் வீட்டிலேயே சரியாகிவிடுகிறார்கள். முதல் தடவையை விட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். முதல் தடவையிலேயே மோசமானவர்களும் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் டாக்டரிடம் நினைவூட்டுங்கள்.

ஜூன் 10, மதியம் 1.30

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: காய்ச்சல் கிருமியைக் கொல்லத்தானே வருகிறது, ஏன் பனடோல் கொடுத்து அணைக்க வேண்டும்?

நல்ல கேள்வி, பாதி சரி. காய்ச்சலை உண்டாக்குவது கிருமி இல்லை, நாம்தான். கிருமியைப் பார்த்த வெள்ளை அணுக்கள் சில சமிக்ஞைப் பொருட்களை ரத்தத்தில் விடுகின்றன. அவை மூளையின் அடியில் உள்ள ஹைப்போதாலமஸில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்க வைக்கின்றன. அது வீட்டு ஏர்கானில் எண்ணை மாற்றுவது போல உடம்பின் இலக்கை 37-இலிருந்து 39-க்கு மாற்றிவிடுகிறது. அதனால்தான் தொட்டால் சுடும் உடம்பு குளிர்கிறது என்று போர்வை கேட்கிறது. இலக்கு 39, இருப்பது 38, எனவே நடுங்கிச் சூடேற்றுகிறது. பனடோல் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது, இலக்கு இறங்குகிறது, வேர்க்கிறது.

சூடு ஏறினால் வெள்ளை அணுக்கள் சுறுசுறுப்பாகும், பல கிருமிகள் தளரும். பெனிசிலின் வருவதற்கு முன் வியன்னாவில் வாக்னர்-யாவுரெக் என்பவர் மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாவை ஏற்றிக் காய்ச்சல் வரவழைத்தார். அதற்கு 1927-இல் நோபெல் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் காய்ச்சல் சும்மா கிடைப்பதில்லை. ஒவ்வொரு டிகிரிக்கும் உடம்பின் செலவு 10 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, வேர்வையாகத் தண்ணீர் போகிறது. டெங்கியில் தண்ணீர்தான் நமக்கு வேண்டிய சொத்து. அம்மா வாய்வைத்துக் குடிக்க முடிகிற அளவுக்குச் சூடு இறங்கினால் போதும். முழுதாக 37-க்கு வர வேண்டும் என்று நேரத்துக்கு முன்னால் அடுத்த பனடோல் கொடுக்காதீர்கள். பனடோலைக் கையாள வேண்டிய ஈரலும் இந்த நோயில் பாதிக்கப்பட்டிருக்கும்.

சாப்பாடு வேண்டாம் என்பதும் அதே சமிக்ஞைகளின் வேலைதான். படுக்கச் சொல்வது, வெளிச்சம் பிடிக்காமல் போவது, பேச்சு எரிச்சலாக இருப்பது, எல்லாம். "லங்கணம் பரம ஔஷதம்", பட்டினியே பெரிய மருந்து, என்று பெரியவர்கள் சொன்னது இதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். சோற்றுக்கு அது சரி. தண்ணீருக்கு இல்லை.

ஜூன் 10, இரவு 11.20

இன்று முழுக்க பழைய வேலை நினைவு. டெங்கி நோயாளியின் ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதலில் தெரிவது வெறுமை. வழக்கமாகச் சிவப்பணுக்களுக்கு நடுவே ஊதாப் பொடி தூவியது போல, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் கிடக்கும். இங்கே ஒன்று இருந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். வெள்ளை அணுக்களும் குறைந்திருக்கும், ஆயிரக்கணக்கில் இருக்க வேண்டியது பாதிக்கும் கீழே.

அப்புறம் நாலாம் ஐந்தாம் நாள் ரத்தத்தில் அவை வருவார்கள். 'அவை வருவார்கள்' என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும், எனக்கு அவர்கள் ஆட்கள் மாதிரிதான். பெரிய பெரிய லிம்ஃபோசைட்டுகள், வெள்ளை அணுக்களில் ஒரு வகை. சாதாரண லிம்ஃபோசைட் சின்ன உருண்டை, உள்ளே கருவைத் தவிர ஒன்றும் இருக்காது. இவை மூன்று மடங்கு பருத்து, ஓரமெல்லாம் கருநீலமாக, பக்கத்துச் சிவப்பணுவை இடித்து அதன் வடிவத்துக்கே வளைந்து நிற்கும். அந்த நீலம் வேலை நடக்கும் நிறம். உள்ளே புரதம் செய்யும் பட்டறை ஓடுகிறது. சில ஆன்டிபாடி வடிப்பவை, சில வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்பவை. எந்த நோயாளி என்று எனக்குத் தெரியாது, பெயர்கூடப் பார்க்க மாட்டேன், பார்கோடு மட்டும்தான். ஆனாலும் அந்த நீலத்தைப் பார்த்தால் 'சரி, ஆள் இறங்கியாச்சு' என்று மனதுக்குள் ஒரு தெம்பு வரும்.

ஜூன் 11, காலை 8.10

பப்பாளி இலைச் சாறு பற்றி மூன்று பேர் கேட்டாயிற்று. இங்கே தேக்கா சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிறது, எனக்கும் 2013-இல் என் மாமியார் இடித்துக் கொடுத்தார், அன்போடு கொடுத்ததைக் குடித்தேன்.

பிளேட்லெட் டெங்கியில் ஏன் குறைகிறது? எலும்பு மஜ்ஜை சில நாட்கள் உற்பத்தியைக் குறைக்கிறது. இருப்பவற்றையும் உடம்பே ஒட்டவைத்து அழிக்கிறது. ஆறாம் ஏழாம் நாள் வைரஸ் ரத்தத்திலிருந்து போனதும் மஜ்ஜை விழித்துக்கொண்டு எண்ணிக்கை தானாகக் குபுகுபுவென்று ஏறும். ஆறாம் நாள் எதைக் குடித்தாலும் எட்டாம் நாள் ஏறும். நான் ஆயிரக்கணக்கான ரிப்போர்ட்டில் பார்த்த வளைவு அது. சில சிறிய ஆய்வுகளில் இலைச் சாறு கொடுத்தவர்களுக்குச் சற்று முன்னால் ஏறியதாகக் கண்டிருக்கிறார்கள். இருக்கலாம். என் கவலை வேறு. கசப்பில் வாந்தி எடுத்தால் உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்துவிடும். இன்னொன்று, எல்லாரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள். ரிப்போர்ட்டில் அதற்கு மேலே ஹீமடோகிரிட் என்று ஒரு வரி இருக்கும். அதைப் பாருங்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தை அடைத்திருக்கின்றன என்ற கணக்கு. சாம்பாரில் தண்ணீர் வற்றினால் பருப்பு கெட்டிப்படும் இல்லையா, அது போல ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் இந்த எண் ஏறும். டெங்கியில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அந்தக் கசிவு.

அம்மாவின் இரண்டு நாள் ரிப்போர்ட்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 11, இரவு 9.50

ஹீமடோகிரிட் 39, 40. பிளேட்லெட் 131, 88 (ஆயிரத்தில்). எதிர்பார்த்த மாதிரிதான் போகிறது. நாளை காலையும் எடுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் அம்மை பற்றி. அம்மா சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள். 1781-இல் அங்கே தட்டம்மை வந்தது. அதன் பிறகு 65 ஆண்டுகள் எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் மறுபடி வந்தபோது ஊரே படுத்தது. பானும் என்ற இளம் டேனிஷ் மருத்துவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். 1781-இல் அம்மை கண்ட கிழவர் கிழவி ஒருவருக்கும் வரவில்லை. 65 ஆண்டு இடைவெளியில் ஒருமுறைகூட அந்தக் கிருமியைப் பார்க்காமலே உடம்பு மறக்காமல் வைத்திருந்தது. மஜ்ஜையில் சில அணுக்கள் அத்தனை காலமும் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆன்டிபாடி சுரந்துகொண்டே இருக்கின்றன.

சின்னம்மை கொஞ்சம் வேறு. அது போவதே இல்லை. நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொள்ளும். வயதாகி, காவல் காக்கும் டி அணுக்கள் தளர்ந்ததும் ஒரு பக்கமாக அக்கியாக வெளியே வரும். எங்கள் ஊரில் குயவரிடம் போய்ச் செம்மண்ணால் அக்கி எழுதிக்கொள்வார்கள். அம்மாவுக்கு 64 என்றால், இது எல்லாம் முடிந்த பிறகு அக்கிக்கான தடுப்பூசி பற்றியும் கேட்டு வையுங்கள்.

ஜூன் 12, காலை 7.15

"ராத்திரியே காய்ச்சல் விட்டுவிட்டது, 36.9, இரண்டு இட்லி சாப்பிட்டார், இன்று ரத்தம் எடுக்க வேண்டாம் என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி, இன்றுதான் எடுக்க வேண்டும். காய்ச்சல் விட்ட அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் டெங்கியில் ஆபத்தான நேரம். இதைப் படித்ததும் கிளம்புங்கள். வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் ஜில்லென்று போவது, அசதியில் கண்ணை மூடிக்கொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் வேண்டாம், நேராக மருத்துவமனை அவசரப் பிரிவு.

ஜூன் 12, இரவு 10.30

அம்மாவைச் சேர்த்துவிட்டீர்கள் என்று பார்த்தேன். ஹீமடோகிரிட் 40-இலிருந்து 47. பிளேட்லெட் 36. சரியான நேரத்தில் போயிருக்கிறீர்கள். இன்று இரவு டிரிப் போகும், அடிக்கடி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், அம்மா தூங்கவிட மாட்டேன் என்கிறார்கள் என்று கோபப்படுவார். கோபப்படட்டும்.

காலையில் அப்படி அதட்டி எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூன். அந்த ஆண்டு கோவிட் பேச்சில் டெங்கி பலருக்குத் தெரியாமலே போயிற்று. 35,000 பேருக்கு மேல் வந்தது, சிங்கப்பூரில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. எனக்குக் காய்ச்சல் வந்ததும் முதலில் மூக்கில் குச்சி விட்டார்கள், கோவிட் இல்லை. மறுநாள் டெங்கி என்று தெரிந்தது. வீட்டிலேயே இருந்தேன். என் கணவர் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான் குடிக்கும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு கோடு போட்டார். ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் இல்லை. தலை லேசாகிவிட்டது. தலைக்குக் குளித்தேன். கிளினிக்கில் அன்று ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். போன் செய்து காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன். அப்படியென்றால் நாளைக்கு வாருங்கள் என்றார்கள் அங்கே. எனக்குத் தெரியும், அன்றுதான் போக வேண்டும் என்று. ஆய்வகத்தில் அத்தனை ஆண்டுகள் எல்லாருடைய எண்ணையும் பார்த்தவள். ஆனால் உடம்பு நன்றாக இருக்கும்போது அறிவு சொல்வது காதில் விழுவதில்லை.

மாலை நாலு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்தது. இரண்டு தடவை வாந்தி. சமையலறையில் தண்ணீர் எடுக்க எழுந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டைல்ஸ் ஜில்லென்று இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. என் கைதான் டைல்ஸை விட ஜில்லென்று இருந்தது. மருத்துவமனையில் ரத்த அழுத்தம் 98/82. மேல் எண் மட்டும் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவே 16-தான். 20-க்குள் வந்துவிட்டாலே அதிர்ச்சி நிலையின் வாசல். ஹீமடோகிரிட் 49, பிளேட்லெட் 24.

பிளேட்லெட் அந்த அளவுக்குப் போனால் ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், அது விதி. எத்தனையோ இரவு நான் செய்த போன். அன்று ராத்திரி வார்டில் போன் அடித்ததும் நர்ஸ் எடுத்து எண்ணைத் திருப்பிச் சொன்னார். என் எண் அது.

ஜூன் 13, காலை 7.30

ஏன் காய்ச்சல் விட்ட பிறகு ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரம் ரத்தத்தில் வைரஸ் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கும். அதாவது உடம்பு ஜெயித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஜெயிக்கும் வேகத்தில் விட்ட சமிக்ஞைப் பொருட்கள் ரத்தக் குழாயின் உள்பூச்சைத் தளர்த்திவிடுகின்றன. என்எஸ்1 புரதமும் அந்தப் பூச்சைக் கெடுக்கிறது. பூச்சின் அணுக்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து நீர் வயிற்றிலும் நெஞ்சுக் கூட்டிலும் இறங்குகிறது. ஒன்றிரண்டு நாளில் உள்பூச்சு தானே மூடிக்கொள்ளும். அது வரை குழாயில் நீர் இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை, தேவையும் இல்லை, அந்த வேலையை அம்மாவே முடித்துவிட்டார்.

பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரிடம் சண்டை போடாதீர்கள். ரத்தம் கசியாதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக ஏற்றினால் பலன் உண்டா என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சேர்ந்து செய்த ஆய்வு 2017-இல் வந்தது. ரத்தக் கசிவு குறையவில்லை, ஒவ்வாமை போன்ற பக்க விளைவுதான் கூடியது. 20-க்குக் கீழே போனவர்களை வைத்தே பார்த்த ஆய்வு அது.

ஜூன் 13, மாலை 6.00

நேற்று எழுதியதற்கு ஒரு விளக்கம். 35,000-க்கு மேல் என்பது 2020-க்குச் சரி. சிலர் 32,000 என்று எழுதியிருப்பது 2022-இன் கணக்கு. என் முதல் டெங்கி வந்த 2013-இல் 22,000 சொச்சம். அந்த ஆண்டு அதிகம் பரவியது முதல் வகை. 2020-இல் இரண்டாம் மூன்றாம் வகைகள். எனக்கு எது வந்தது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை, ஆனால் இரண்டும் வேறு வேறு என்பது நிச்சயம்.

ஜூன் 14, காலை 10.15

அம்மாவின் ஹீமடோகிரிட் 47-இலேயே நிற்கிறது, ஏறவில்லை என்பது நல்ல செய்தி. இன்று உங்கள் அக்காவின் ஏழு மாதக் குழந்தை பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த "இரண்டாம் தடவை" விஷயத்தை முதலில் பிடித்தவர் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்கர். 1960-களில் பாங்காக்கில் குழந்தைகள் டெங்கியில் இறந்துகொண்டிருந்தபோது அங்கே வேலை பார்த்தார். மோசமானவர்கள் இரண்டு கூட்டம்: ஏற்கனவே ஒரு தடவை வந்த பெரிய குழந்தைகள், அப்புறம், முதல் தடவை வரும் கைக்குழந்தைகள். இரண்டாவது கூட்டம்தான் புதிர். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு ஏது பழைய டெங்கி? அம்மாவிடமிருந்து வந்த ஆன்டிபாடி. பிறந்ததும் அது நிறைய இருக்கும், காப்பாற்றும். மாதம் ஆக ஆகக் கரையும். ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை வைரஸைத் தடுக்கப் போதாது, ஆனால் விழுங்கும் அணுவுக்குள் கொண்டுபோய் விடப் போதும். ஆன்டிபாடி அதிகமாக இருந்தால் நல்லது, அறவே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் இருந்தால் கெடுதல்.

கியூபாவிலும் இதையே பார்த்தார்கள். 1977-இல் முதல் வகை, நாடே படுத்தும் யாரும் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. 1981-இல் இரண்டாம் வகை வந்தது, 158 பேர் இறந்தார்கள். 1997-இல் சான்டியாகோ நகரில் இரண்டாம் வகை மறுபடி வந்தபோது மோசமானவர்கள் பெரியவர்கள்தான். 20 ஆண்டுக்கு முன் முதல் வகை பார்த்தவர்கள். நினைவு அத்தனை காலமும் இருந்தது.

தடுப்பூசியும் இதில் மாட்டியது. டெங்வாக்ஸியா என்ற ஊசியை 2016-இல் பிலிப்பீன்ஸில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். ஏற்கனவே டெங்கி வந்த பிள்ளைகளை அது காப்பாற்றியது. வராத பிள்ளைகளுக்கு ஊசியே முதல் தடவை போல ஆகி, உண்மையான டெங்கி இரண்டாம் தடவை போல வந்தது. 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அதை அறிவித்தது. அந்தத் தாய்மாரை நினைத்தால் இன்றும் எனக்கு மனது ஆறாது. பிள்ளையைக் காப்பாற்ற என்று வரிசையில் நின்றவர்கள்.

ஆகவே உங்கள் அக்காவுக்கு: குழந்தைக்குப் பகலிலும் கொசுவலை. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சிவப்புப் பதாகை இறங்கும் வரையாவது குழந்தையை வேறு வீட்டில் வைக்க முடிந்தால் வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள்.

ஜூன் 14, இரவு 8.40

கொசு கடித்தால் என் கணவருக்குத் தடிக்கவே இல்லை, எனக்கு மட்டும் வீங்குகிறது, அவருக்கு எதிர்ப்புச் சக்தி அதிகமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தடிப்பு கொசுவின் எச்சிலுக்கு நம் உடம்பு காட்டும் ஒவ்வாமை. பல ஆண்டுகள் கடிபட்டவருக்கு உடம்பு பழகி அடங்கிவிடுவதுண்டு. தடிக்கவில்லை என்பதால் கொசு கடிக்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் விடும் வொல்பாக்கியா கொசு (வொல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய கொசு) பற்றியும் கேட்டார். அவை ஆண் கொசு, கடிக்காது. அவற்றோடு கூடிய பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. மின்தூக்கியில் அடிக்க வேண்டாம்.

ஜூன் 15, காலை 9.00

உள்ளங்கை அரிக்கிறதாம் அம்மாவுக்கு! காலெல்லாம் சிவந்து, நடுநடுவே அரிசி தூவியது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, இதைப் படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அது தேறும்போது வரும் தடிப்பு. எனக்கும் எட்டாம் நாள் வந்தது, இரவெல்லாம் உள்ளங்கையைச் சீப்பால் சொறிந்தேன். கேலமைன் தடவலாம், நர்ஸிடம் கேளுங்கள். கசிந்த நீர் இப்போது திரும்ப ரத்தத்துக்குள் வரும்; சிறுநீர் நிறையப் போகும். அதனால் டிரிப்பைக் குறைத்துவிடுவார்கள். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்காதீர்கள். இப்போது அதிகம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

பிளேட்லெட் 52. ஏற ஆரம்பித்தாயிற்று.

ஜூன் 16, மாலை 5.30

118! வீட்டுக்கு வந்துவிட்டார். கோழிக் குழம்பு கேட்கிறார் என்றால் கொடுங்கள், காரம் மட்டும் குறைவாக. இரண்டு மூன்று வாரம் அசதி இருக்கும். தமிழ் முரசு படிக்கவே கை வலிக்கிறது என்பார், அது சோம்பல் இல்லை.

ஒரு வேலை இருக்கிறது. அம்மாவிடம் சின்ன வயதுக் காய்ச்சல் எதுவும் நினைவிருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர்?

ஜூலை 3, இரவு 9.45

குடியாத்தம் என்று நீங்கள் எழுதியதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் வேலூர். 1960-களிலேயே அங்கே டெங்கியின் நான்கு வகைகளையும் கண்டெடுத்திருக்கிறார்கள். அம்மா அப்போது சிறுமி.

நீங்கள் எழுதியதை மறுபடி மறுபடி படித்தேன். எட்டு வயது இருக்கும், தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள், நாலைந்து நாளில் விட்டது, அப்புறம் கை கால் சிவந்து அரித்தது, பாட்டி அதை அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை செருகினார், உள்ளங்கையில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்துத் துணியால் கட்டினார், அந்தக் கட்டோடு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதது நினைவிருக்கிறது என்று அம்மா சொன்னாராம். அது டெங்கிதான் என்று இப்போது யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் ஜூன் 9 அன்று கிளினிக்கில் அந்த ஐஜிஜி கோடு விழுந்ததே, அது எங்கேயோ தொடங்கியிருக்க வேண்டும். எந்தக் கையில் கட்டு என்று கேட்டீர்களா? எனக்கு வலது கையில்தான் அரிப்பு அதிகம்.